ஆன்டிவைரஸ்தான் இருக்கே

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25இல் வெளிவந்தது. அப்போது நான் பாலர் பள்ளிக்குக்கூடப் போகவில்லை. இன்று பாசிர் கூடாங்கில் வேலைக்குப் போகிற ஆலையில் அதே எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால் ஒரே பதில்: "ஆன்டிவைரஸ்தான் இருக்கே தம்பி." இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது வருட வரலாறு இருக்கிறது.

ஏன் மாற்றவில்லை என்று கேட்பது சுலபம். ஒரு பாய்லரோ கம்ப்ரசரோ முப்பது வருடம் உழைக்கும். அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அந்தக் காலத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லைசென்ஸ், கணினியின் முதுகில் செருகிய டோங்கிளில் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் ஆலையை நிறுத்த வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை வரும் ஷட்டவுனில் வால்வுக்கும் பைப்புக்கும்தான் முதலிடம். கணினி கடைசி.

பேட்ச் போடலாமே? அதில்தான் பழைய காயம் இருக்கிறது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலையும் டிகாம் அனுமதிகளையும் இறுக்கியது. ஆலைக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட ஓபிசி முறை டிகாமை நம்பி இருந்ததால், பல இடங்களில் பேச்சு நின்றுபோனது. பேட்ச் என்றாலே பயம். அந்தப் பயம் விட்ட இடத்தில் ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதுவும் எப்போதும் சாதுவாக இருந்ததில்லை. 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபி அனுப்பிய 5958ஆம் எண் அப்டேட், எக்ஸ்பியின் சொந்த எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. உலகமெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. காவல்காரனே வீட்டுக்காரரை வெளியே தள்ளிய கதை.

2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. ஆனால் தன்னுடைய ஆன்டிவைரஸுக்கு மட்டும் 2015 ஜூலை 14 வரை அப்டேட் கொடுத்தது. நல்லெண்ணம்தான். எனக்கு அது கெட்ட பாடமாகத் தெரிகிறது. ஓட்டையை அடைக்க மாட்டோம், வருகிறவனின் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம்?

2017 மே 12இல் வான்னாகிரை வந்தது. அது பரவப் பயன்படுத்திய எடர்னல்புளூ கோப்பாக வருவதில்லை. 445ஆம் போர்ட் வழியாக நெட்வொர்க் பொட்டலமாக நுழைந்து கெர்னலுக்குள் போய்விடும். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் பார்ப்பது கோப்பை. பின்னால் இறங்குகிற கோப்பை அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். கதவு மட்டும் திறந்தே கிடக்கும். ஆதரவு முடிந்து மூன்று வருடம் கழித்து மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் வெளியிட வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. அன்று எக்ஸ்பி அதிகம் பாதிக்கப்படவில்லை. காஸ்பர்ஸ்கி கணக்கில் பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. எக்ஸ்பியில் அந்தத் தாக்குதல் பெரும்பாலும் நீலத் திரையோடு படுத்துவிட்டது. பழசு என்பதால் தப்பித்தது என்று இதை வைத்தே வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலை ஓடும்போது திரை நீலமாவது தப்பிப்பதா?

"எங்க கணினி இன்டர்நெட்டுலயே இல்ல" என்பது அடுத்த வாதம். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் புதிதாக வந்த ஒரு கருவியைச் சோதிக்காமல் இணைத்தார்கள். அதிலிருந்து வான்னாகிரையின் ஒரு வகை உள் நெட்வொர்க் முழுக்கப் பரவி உற்பத்தி நின்றது. 2019இல் கூடங்குளத்தில் மாட்டியது நிர்வாக வேலைக்கான இணையத்தோடு இணைந்த ஒரு கணினி. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதைத் தொடவில்லை என்று இந்திய அணுமின் கழகம் சொன்னது. அங்கே நின்று காத்தது பிரிவினை, ஆன்டிவைரஸ் இல்லை.

பழைய கணினியை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 445ஐ மூடுங்கள், தனி நெட்வொர்க்கில் போடுங்கள், அனுமதித்த நிரல் மட்டும் ஓடும்படி பூட்டுங்கள், கான்ட்ராக்டரின் பென்டிரைவை வாசலிலேயே வாங்கிச் சோதியுங்கள். ஆன்டிவைரஸும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பச்சை டிக்கின் மேல் மவுஸை வைத்து, கடைசியாக அப்டேட் ஆன தேதி என்ன என்று ஒருமுறை பாருங்கள்.