கையும் கருத்தும்: அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த ஒரு போராட்டம்

1894ஆம் ஆண்டு யூலை மாதத் தொடக்கத்திலே ஜோன் டூயி என்ற தத்துவப் பேராசிரியர் சிக்காகோ நகருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34. நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. புல்மன் கம்பனி தன் தொழிலாளரின் கூலியைக் குறைத்துவிட்டு, அவர்கள் குடியிருந்த கம்பனி வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது. வேலைநிறுத்தம் மூண்டது. இயூஜின் டெப்ஸ் தலைமை தாங்கிய இரயில்வேத் தொழிலாளர் சங்கம், புல்மன் பெட்டிகள் பூட்டிய வண்டிகளை இயக்க மறுத்தது. ஜனாதிபதி கிளீவ்லண்ட் இராணுவத்தை அனுப்பி அப்போராட்டத்தை நசுக்கினார். வேலைநிறுத்தக்காரர்பால் டூயி கொண்ட அனுதாபத்துக்கு, அந்நாட்களில் அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களே சான்று. ஆனால் அவர் பணியேற்க வந்த பல்கலைக்கழகமோ, எண்ணெய் முதலாளி ரொக்பெல்லரின் பெருங்கொடையால் எழுந்ததாகும்.

இம்முரண்பாட்டை மனத்திற் கொள்ளாமல், முற்போக்குக் கல்வி இயக்கம் என வழங்கும் அமெரிக்க இயக்கத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. 'செய்து கற்றல்' என்ற அதன் கோட்பாட்டைப் பலர் ஒரு போதனா முறையாக மாத்திரமே எடுத்துரைப்பர். பிள்ளையின் கையில் உளியையும் ஊசியையும் கொடுப்பவர் யார், எந்நோக்கத்துக்காகக் கொடுக்கிறார் என்னும் வினாவே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் அறுபதாண்டுக் காலம் ஒன்றோடொன்று மோதின. அம்மோதலின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரப் பள்ளிகளின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. ஜோசப் மேயர் ரைஸ் என்ற மருத்துவர் 1892இல் 36 நகரங்களின் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, தாம் கண்டவற்றைச் சஞ்சிகையொன்றிலே தொடர்ந்து எழுதினார். அசையாது நின்று, உருப்போட்டதை ஒப்புவிக்கும் பிள்ளைகளையும், அவர்களை இயந்திரம்போல் ஆட்டிவைக்கும் ஆசிரியர்களையுமே பெரும்பாலான இடங்களில் அவர் கண்டார். இந்நிலைக்கு விதிவிலக்குகளும் இருந்தன. உள்நாட்டுப் போரிலே படைத் தளபதியாயிருந்த பிரான்சிஸ் பாக்கர், 1875 முதல் குவின்சி நகரப் பள்ளிகளிலும், 1883 முதல் சிக்காகோவை அடுத்த ஆசிரிய கலாசாலையிலும் பாடப்புத்தகத்தின் ஆட்சியைத் தளர்த்தியிருந்தார். அவருடைய பிள்ளைகள் மண்ணைக் குழைத்து மலைகளை ஆக்கினர். வெளியே சென்று செடிகொடிகளை ஆராய்ந்தனர். இவ்வியக்கத்தின் தந்தை அவரே என்று டூயி பின்னர் போற்றினார்.

ஆயினும் பாக்கர் பிள்ளையின்மீது கொண்ட அன்பினாற் செய்ததற்கு, ஒரு சமுதாய விளக்கத்தைத் தந்தவர் டூயியே. அவர் வாதம் எளிமையானது. முன்னைய தலைமுறையில் உடுக்கும் துணியும் எரிக்கும் மெழுகுதிரியும் வீட்டிலேயே செய்யப்பட்டன. ஆட்டின் உரோமம் ஆடையாகும்வரை நடைபெற்ற தொழில் முழுவதையும் பிள்ளை கண்ணாற் கண்டது. தன் வயதுக்கேற்ற பங்கை அதில் ஏற்றது. ஆலை வந்ததும் உற்பத்தி வீட்டை விட்டு நீங்கி மதிலுக்குள் மறைந்தது. பொருள் கடையிற் கிடைக்கிறது. அதன் பின்னாலுள்ள உழைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மறைந்த அவ்வுழைப்பைப் பிள்ளையின் கண்முன் மீண்டும் கொண்டுவருவதே பள்ளியின் கடமை என்றார் அவர்.

1896 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் சார்பிலே ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. அன்று சேர்ந்த பிள்ளைகள் 16 பேரே. இப்பள்ளிக்கு மேசைகள் வாங்க டூயி கடைகடையாக அலைந்த கதை பிரசித்தமானது. அவர் கேட்ட வகை எங்குமில்லை. ஈற்றில் ஒரு கடைக்காரர், பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசையை நீங்கள் கேட்கிறீர்கள், எங்களிடம் இருப்பவையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை என்றாராம். ஒரு நாட்டின் கல்விமுறை முழுவதையும் அவ்வியாபாரி ஒரே வாக்கியத்தில் விமரிசித்துவிட்டார்.

அங்கு நடந்த பாடமொன்றைப் பார்ப்போம். பிள்ளைகளிடம் பருத்திக் காயும் ஆட்டுரோமமும் கொடுக்கப்பட்டன. பருத்தியிலிருந்து விதையைக் கையாற் பிரிக்க அவர்கள் அரை மணி நேரம் முயன்றனர். கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு. ஒருவர் நாள் முழுவதும் முயன்றாலும் ஓர் இறாத்தலுக்கு மேல் தேறாது என்பது அவர்களுக்கு அப்போது தெளிவாயிற்று. பருத்தியிழை ஓரங்குலத்தில் மூன்றிலொரு பங்கே இருக்க, ஆட்டுரோமம் மூன்றங்குலம் வரை நீளுவதையும், அதன் சொரசொரப்பு நூற்றலுக்கு உதவுவதையும் கண்டனர். தம் முன்னோர் பருத்தியை விட்டு உரோம ஆடையையே பெரிதும் அணிந்தமைக்குக் காரணத்தை எந்தப் புத்தகமும் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடித்தனர். பின்னர் தக்களியையும் தறியையும் தாமே ஆக்கிப் பார்த்து, படிப்படியாக நீராவித் தறிவரை வந்தனர். கைத்தொழிற் புரட்சியின் வரலாறு அவர்களது விரல் நுனியிலிருந்தே தொடங்கியது. நெசவாளி ஆவதற்காக அப்பிள்ளைகள் நெய்யவில்லை. உலகத்தை விளங்கிக்கொள்வதற்காக நெய்தனர்.

ஆனால் அப்பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? பெரும்பாலும் பேராசிரியர்களுடையவும் உயர்தொழில் புரிவோருடையவும் பிள்ளைகளே. 1902இல் 140 மாணவருக்கு 23 ஆசிரியரும் 10 உதவியாளரும் இருந்தனர். புல்மன் தொழிலாளியின் பிள்ளைக்கு இவ்வாறான பள்ளி கனவிலும் எட்டாதது. நிர்வாகத் தகராறு காரணமாக 1904இல் டூயி சிக்காகோவை விட்டு விலகிக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார்.

பருத்தியின் கதையை இன்னுஞ் சற்றுத் தொடர்ந்து சென்றால், அது தென்மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களுக்கு நம்மை இட்டுச்செல்லும். 1793இல் உருவான பருத்தி கடையும் பொறி, விதை பிரிக்கும் வேலையை எளிதாக்கிற்று. பருத்தி பறிக்கும் அடிமைகளின் தொகையையோ பன்மடங்கு பெருக்கிற்று. அவ்வடிமைகளின் வழிவந்தோருக்கும் 'செய்து கற்றல்' வழங்கப்பட்டது. 1881இல் புக்கர் வாஷிங்டன் பொறுப்பேற்ற டஸ்கீகிப் பள்ளியிலே மாணவர் தாமே செங்கல் அறுத்தனர். கட்டடங்களையும் தாமே எழுப்பினர். ஏதுமற்ற மக்கள் தம் கையாலேயே ஒரு கலாசாலையைக் கட்டியது போற்றுதற்குரியதே. ஆனால் வடநாட்டு முதலாளிகள் அதற்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. வாக்குரிமை, சமத்துவம் பற்றிய கோரிக்கைகளை ஒத்திவைத்துத் தொழில் கற்கும்படி வாஷிங்டன் தம் இனத்தாருக்குப் போதித்தார். 1903இல் உருக்கு முதலாளி கார்னகி அப்பள்ளிக்கு 6 இலட்சம் டொலர் வழங்கினார். அதே ஆண்டில் கறுப்பின அறிஞர் டூ போய்ஸ் தமது நூலொன்றில் வாஷிங்டனின் கொள்கையை வன்மையாகக் கண்டித்தார். கைத்தொழிலை அவர் இகழவில்லை. அதற்கு மேல் உயரக்கூடாதென்று ஓரினத்தின் தலைக்கு மேல் கூரை போடுவதையே எதிர்த்தார்.

வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் அத்தகைய கூரையொன்றைப் போடும் முயற்சி நெடுநாள் தாமதிக்கவில்லை. 1913இல் இலினோய் மாநிலத்தில், பொதுப் பள்ளிகளிலிருந்து பிரிந்த தொழிற் பள்ளிகளைத் தனி நிர்வாகத்தின் கீழ் அமைக்க ஒரு மசோதா வந்தது. சிக்காகோ வணிகப் பிரமுகர்கள் அதனை ஆதரித்தனர். தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் எதிர்த்தனர். டூயியும் அவர்கள் பக்கம் நின்றார். இருக்கின்ற ஆலை அமைப்புக்கு உழைப்பாளரைப் பொருத்துவது தம் நோக்கமன்று என்றும், அவ்வமைப்பை மாற்றவல்ல அறிவை அவர்களுக்கு ஊட்டுவதே நோக்கம் என்றும் அவர் 1915இல் தெளிவாக எழுதினார். மசோதா தோற்றது.

ஆயின் அதே ஆண்டில் டூயி தம் மகள் எவலினுடன் சேர்ந்து எழுதிய நூல், இண்டியானா மாநிலத்துக் கேரி நகரப் பள்ளிகளைப் பெரிதும் பாராட்டியது. கேரி, 1906இல் உருக்குக் கம்பனியொன்று மணல்மேட்டில் எழுப்பிய நகரம். 1907இல் அதன் பள்ளிகளுக்குப் பொறுப்பாக வந்த வில்லியம் வேர்ட் ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளில் ஒரு பாதி வகுப்பறையிலிருக்க, மறுபாதி பட்டறை, ஆய்வுகூடம், தோட்டம், மண்டபம், விளையாட்டிடம் என்பவற்றில் இருக்கும். மணி அடித்ததும் இரு பாதிகளும் இடம் மாறும். தச்சரும் குழாய் பொருத்துவோரும் பிள்ளைகளைத் துணைக்கொண்டு பள்ளியின் திருத்த வேலைகளைச் செய்தனர். நீச்சற் குளமும் இருந்தது; மாலையில் முதியோர் வகுப்புக்களும் நடந்தன. குடியேறிய ஏழைத் தொழிலாளியின் பிள்ளை இவற்றை வேறெங்கும் கண்டிராது. இத்திட்டத்தின் சிறப்பை நாம் மறுத்தலாகாது.

ஆனால் ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகளை அடக்கலாம் என்ற கணக்குத்தான் ஆட்சியாளரின் கண்ணை ஈர்த்தது. நெரிசலால் திணறிய நியூயோர்க் பள்ளிகளுக்கு அது மலிவான மருந்தாகத் தோன்றியது. நகர முதல்வர் மிச்சல் 1914இல் வேர்ட்டை ஆலோசகராக அமர்த்தினார். பெற்றோர் ஐயுற்றனர். கல்விச் சபையில் ரொக்பெல்லர் நிதியங்களுடன் தொடர்புடையோர் இருந்தமை அவ்வையத்தை வளர்த்தது. தம் பிள்ளைகளை ஆலைக்கு ஆயத்தஞ் செய்கிறார்கள் என்று ஏழை யூதக் குடியிருப்புக்களில் பேச்செழுந்தது. 1917 ஒக்டோபரில் ஆயிரக்கணக்கான மாணவர் வகுப்புக்களை விட்டு வெளியேறினர். பள்ளி யன்னல்கள் கல்லெறியால் நொருங்கின. எதிர்க்கட்சியினர் இக்கோபத்தைத் தம் தேர்தல் இலாபத்துக்குப் பயன்படுத்தினர் என்பதும் உண்மையே. நவம்பரில் மிச்சல் படுதோல்வியுற்றார், திட்டமும் கைவிடப்பட்டது.

அப்பெற்றோரை அறியாமையில் மூழ்கியோர் எனச் சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. தையற் கூடங்களில் நாளெல்லாம் கூன் விழ உழைத்தவருக்குக் கையுழைப்பின் மகிமையைப் பிறர் போதிக்கவேண்டியதில்லை. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு வேண்டியது புத்தகம் என்றனர். ஏனெனில் அதுவரை அவர்களுக்கு மறுக்கப்பட்டது புத்தகமே. சிக்காகோப் பேராசிரியரின் பிள்ளை தறியைத் தொட்டது, அதனைக் கடந்து செல்வதற்கு. தம் பிள்ளை தறியைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று. அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் தொழிற் கல்விக்கென மத்திய அரசின் தனி நிதியை ஒதுக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. அதற்காக அயராது உழைத்த சார்ள்ஸ் புரொசர் என்பவரே 1945இல் மாணவரைக் கூறுபோட்டார்: நூற்றுக்கு 20 பேர் கல்லூரிக்கு, 20 பேர் தொழிலுக்கு, எஞ்சிய 60 பேர் 'வாழ்க்கைக்கு இணங்கிப்போகும்' கல்விக்கு. கேரி நகரிலோ நிறவெறி வேறு சேர்ந்தது. 1927இல் எமர்சன் பள்ளிக்குக் கறுப்பின மாணவர் சிலர் மாற்றப்பட்டபோது வெள்ளை மாணவர் பகிஷ்கரிப்புச் செய்தனர். நகராட்சி பணிந்து கறுப்பருக்கு வேறு பள்ளி கட்டியது. ஒன்றாய் உழைத்துக் கற்றல் என்ற தத்துவம் நிறக்கோட்டின்முன் மண்டியிட்டது.

இயக்கம் தனக்குள்ளேயும் இக்குறையை உணராமலில்லை. 1919இல் தோன்றிய முற்போக்குக் கல்விச் சங்கத்தில் வசதிபடைத்தோரின் தனியார் பள்ளிகளே ஓங்கியிருந்தன. பெரும் பொருளாதார நெருக்கடி நிலவிய 1932இல், அச்சங்கத்தின் மேடையிலேயே ஜோர்ஜ் கவுன்ற்ஸ் எழுந்து, நீங்கள் நடுத்தர வர்க்கத்தின் பிள்ளைகளைச் சீராட்டுகிறீர்கள், புதிய சமுதாயத்தைக் கட்ட உங்களுக்குத் துணிவுண்டா என்ற கருத்துப்பட அறைகூவினார். சபை திகைத்தது, பின் பழைய வழியே சென்றது. புதுமுறைப் பள்ளிகளிலிருந்து கல்லூரி சென்ற 1,475 மாணவரைப் பழைய முறையிற் பயின்ற அதே தொகையினருடன் இணை இணையாக ஒப்பிட்ட ஆய்வொன்று 1942இல் வெளிவந்தது. புதுமுறையினர் சற்று மேம்பட்டே விளங்கினர் என அது காட்டியது. உலகப் போரின் ஆரவாரத்தில் அக்குரல் அமுங்கிற்று. 1952இல் டூயி மறைந்தார். 1955இல் சங்கம் கலைந்தது. 1957 ஒக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் விண்ணேறியபோது, நாட்டின் பின்னடைவுக்கெல்லாம் டூயியின் கல்வியே காரணம் எனப் பழி சுமத்தப்பட்டது.

ஆனால் அதே 1957இன் தொடக்கத்தில், தெற்குக் கரோலைனாவின் ஜோன்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையிலே கறுப்பின முதியோர் 14 பேர் கூடியிருந்தனர். எழுத்தறிந்தோருக்கே வாக்குரிமை என்ற சட்டம் அவர்களைத் தேர்தலிலிருந்து விலக்கிவைத்திருந்தது. டென்னசி மாநிலத்து ஹைலண்டர் மக்கள் பள்ளியின் துணையுடன், செப்டிமா கிளாக் என்ற ஆசிரியை வகுத்த வழியில் அவ்வகுப்பு தொடங்கியது. கற்பித்தவர் பேர்னிஸ் ரொபின்சன், சிகையலங்காரத் தொழில் புரிந்த பெண். அங்கு முன்னர் நடந்த முதியோர் வகுப்புக்கள் வளர்ந்த மனிதரைச் சிறுபிள்ளைகளின் மேசைகளில் இருத்தி நாணச் செய்திருந்தன. ரொபின்சனோ, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், காசுக்கட்டளையை நிரப்ப வேண்டும், வாக்காளர் பதிவுக்குரிய சட்டப் பகுதியை வாசிக்க வேண்டும் என்றனர். அவையே பாடவிதானமாயின. அவ்வகுப்பைப் பின்பற்றித் தென்மாநிலமெங்கும் குடியுரிமைப் பள்ளிகள் எழுந்தன. 1961இல் டென்னசி அரசு ஹைலண்டரை மூடி அதன் உடைமைகளைப் பறித்தது. அதற்குள் அப்பள்ளிகள் வேரூன்றிவிட்டன.

செய்து கற்றல் அன்று அத்தீவில் தன் உண்மைப் பொருளைக் கண்டது. பேனாவைப் பிடித்த கை உழைத்துக் காய்த்த கை. அது எழுதிய பெயர் அதன் சொந்தப் பெயர். எழுதிய நோக்கமும் பிறர் வகுத்ததன்று. கருவியைக் கையிற் கொடுப்பதனால் மட்டும் கல்வி விடுதலை தருவதில்லை. கருவியோடு நோக்கத்தையும் கற்பவரிடமே ஒப்படைக்கும் துணிவு வேண்டும். அத்துணிவு இருந்த இடங்களிலெல்லாம் அவ்வியக்கம் வாழ்ந்தது. இல்லாத இடங்களில் அதன் பெயர் மட்டுமே வாழ்ந்தது.