இந்திய வரலாற்றில் மேய்ச்சற் கட்டணம்

முன்னுரை

உழுநிலத்தின் மீதான வரி பற்றி வரலாற்றறிஞர் மிகுதியாக ஆராய்ந்துள்ளனர். உழப்படாத நிலத்தில் வளர்ந்த புல்லுக்குக் கால்நடை உடையோர் கொடுத்த விலை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அவ்விலை எதனை அளவாகக் கொண்டு வாங்கப்பட்டது என்பதைக் காலந்தோறும் நோக்கின், தரிசு நிலம் யாருக்கு உரியதாகக் கருதப்பட்டது என்பது புலனாகும்.

தொன்மைக் காலம்

கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் மேய்ச்சல் நிலத்திற்கெனத் தனி அலுவலரைக் குறிப்பிடுகிறது. மேய்ந்து செல்லும் ஒட்டகத்திற்கும் எருமைக்கும் 1/4 பணம், பசு, குதிரை, கழுதை ஆகியவற்றிற்கு 1/8 பணம், சிறு விலங்குகளுக்கு 1/16 பணம் எனக் கட்டணம் வகுக்கிறது. மேய்ந்தபின் அங்கேயே படுத்திருப்பின் இருமடங்கு, தங்கியிருப்பின் நான்மடங்கு. விலங்கின் பருமனும் அது நிலத்தில் தங்கும் காலமுமே இங்கு அளவுகோல்கள்.

தமிழகத்தில், சோழர் காலத் தானச் செப்பேடுகள் ஊரின் எல்லைக்குட்பட்டவற்றை நிரல்படக் கூறுமிடத்துக் ‘கன்றுமேய்பாழ்’ என்பதனையும் சேர்த்துரைக்கின்றன. ‘பாழ்’ எனப்பட்டதும் பயனற்ற நிலமாகக் கருதப்படவில்லை. அது ஊர்க்குரிய நிலங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

சுல்தானியர், முகலாயர் காலம்

அலாவுதீன் கில்ஜி (1296–1316) ‘சராய்’ என்னும் மேய்ச்சல் வரியை விதித்ததனைப் பரணியின் வரலாற்று நூல் தெரிவிக்கின்றது. அதுவரை அவ்வரியைச் செலுத்தாதிருந்த ஊர்த் தலைவர்களும் அதற்கு உட்படுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

அக்பர் கால நடைமுறையை அபுல் பசலின் அயினி அக்பரி விளக்குகின்றது. வரிக்குரிய நிலத்தைப் பயிரிடாது மேய்ச்சலுக்கு விட்டவர், ஆண்டுக்கு எருமை ஒன்றிற்கு 6 தாம், மாடு ஒன்றிற்கு 3 தாம் செலுத்த வேண்டும். அக்காலத்தில் 40 தாம் ஒரு ரூபாய்க்கு நிகராகக் கணக்கிடப்பட்டது. ஆயினும் ஓர் ஏருக்கு 4 எருது, 2 பசு, 1 எருமை என்னும் அளவு வரை விலக்கு உண்டு. பயிரிடாமையால் அரசு இழந்த வருவாய்க்கு ஈடாகவே இக்கட்டணம் அமைந்தது எனலாம். உழவுக்கு இன்றியமையாத கால்நடைகள் அதன் சுமைக்கு அப்பாற்பட்டிருந்தன.

ஆங்கிலேயர் காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. ஆங்கில அரசு தரிசு நிலத்தைத் தன் உடைமையாகக் கொண்டு, மேய்ச்சல் பகுதிகள் பலவற்றில் தலைக்கணக்கில் வரி விதித்தது. 1850களிலிருந்து 1880கள் வரை வரி வாங்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தோர், தாம் கொடுத்த தொகையையும் அதற்கு மேற்பட்ட ஆதாயத்தையும் ஆயர்களிடமிருந்து பெற முயன்றனர். புல்லின் அளவு கூடாமலே அதன் விலை கூடியதற்கு இதுவே காரணம். 1880களில் அரசே நேரில் வரி வாங்கத் தொடங்கியது. ஆயர்க்கு நுழைவுச் சீட்டு வழங்கப்பெற்று, கால்நடைகளின் எண்ணிக்கையும் செலுத்திய தொகையும் அதில் பதியப்பட்டன. புல்லின் விலையாக இருந்த கட்டணம் இவ்வாறு நுழைவதற்கான அனுமதியின் விலையாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. அம்மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் இவ்வரி ‘புல்லரி’ எனப்பட்டது. தமிழின் ‘புல்வரி’யை நினைவூட்டும் சொல் இது. 1921இல் அப்பகுதி மக்கள் வரி செலுத்த மறுத்துக் கால்நடைகளைக் காட்டிற்குள் ஓட்டினர். அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான கன்னெகண்டி அனுமந்து 1922 பிப்ரவரியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தொகையின் அளவைவிட, தம் காட்டிற்குத் தாமே விலை கொடுக்க வேண்டியிருந்தமையே அம்மக்களின் மனக்குறை எனக் கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின்

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தேவைக்கு மிகுதியான மந்தைகளைக் குறைக்கும் பொருட்டுப் போதிய கட்டணம் விதிக்கப் பரிந்துரைத்தது. கட்டணம் இங்குத் தடுப்புக் கருவியாகக் கருதப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, மேய்ச்சலை, இடம்பெயர்ந்து மேய்ப்போரின் பருவகாலப் பயன்பாடு உட்பட, சமூக உரிமையாக ஏற்றது. எனினும் பழங்குடியினர் அல்லாதோர் 3 தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அவ்விடத்தில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும்.

முடிவுரை

விலங்கின் பருமன், நிலவருவாய் இழப்பு, ஏலத் தொகை, மந்தைக் கட்டுப்பாடு என மேய்ச்சற் கட்டணத்தின் அடிப்படை மாறி வந்துள்ளது. முன்னைய முறைகள் சிலவற்றில் உழவனின் தேவைக்கு இடமிருந்தது. ஏல முறையில் அதற்கு இடமில்லாது போயிற்று. இன்று மேய்ச்சல் உரிமை என ஏற்கப்பட்டுள்ளது. ஆயின் இடம்பெயர்தலையே வாழ்வாகக் கொண்டோர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருப்பது, அவ்வுரிமையை எட்டாத் தொலைவிலேயே வைத்துள்ளது.