ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங்

அவிநாசி ரோட்டில் டவுன் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். பீளமேடு பக்கம் வந்ததும் கண்டக்டர் "ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ்" என்று சத்தம் போடுவார். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் காலேஜே இருக்காது. முதல் வருடம் டிரங்குப் பெட்டியோடு வந்த அன்று, அங்கேயே இறங்கிவிடலாமா என்று நான் எழுந்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காணாமல் போன அந்தக் காலேஜ் வேறெதுவும் இல்லை நண்பர்களே, தடாகம் ரோட்டில் இருக்கும் நம்ம ஜி.சி.டி.தான். 1945-ல், சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்தது. அதற்கு முன்நின்று பாடுபட்டவர், கையிலிருந்து பணமும் கொடுத்தவர் ஜி.டி.நாயுடு. முதல்வராகவும் இருந்தார். பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவர், இன்ஜினியரிங் காலேஜுக்கு முதல்வர்!

சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். முந்நூறு ரூபாய் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார் என்று சொல்வார்கள். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்தார். எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பிடித்த இடம் இதுதான். 1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு, தானே டிரைவர். அதுதான் யு.எம்.எஸ். கம்பெனி ஆயிற்று.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, மாடு கட்டிக் கவலை ஓட்டிய நம் கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையில் உள்நாட்டு மின்மோட்டார் தயாரானது. அதில் டி.பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பையும் சொல்லாமல் விடக்கூடாது.

இப்படிக் கையால் கற்றவர் காலேஜில் என்ன செய்வார்? நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் தாராளமாகப் போதும் என்பது அவர் கட்சி. அன்றைய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியே வேண்டாம் என்று விலகிவிட்டார்.

ஹாஸ்டலில் இந்தக் கதையைக் கேட்டு, "பெரியவர் பேச்சைக் கேட்டிருந்தா ரெண்டு வருஷ அரியர் மிச்சம்டா" என்று சிரித்திருக்கிறோம். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் நின்றேன். புது மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சரியாக ஏறவில்லை. நான் பேப்பரை எடுத்துத் தலை உயரம், குழாய் அளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "ஏனுங் தம்பி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துதுங்களே, ரெண்டு வயரை மாத்திப் போட்டாச் சரியாப் போயிருமுங்" என்றார். பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய விஷயம். தப்பு என்னுடையதுதான், காலேஜில் லேப் இருந்தது, நான் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினவன்.

அதற்காக நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். இன்று மோட்டார் டிசைனில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வருடக் கணக்கு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வாரம் நான் கொடுக்கிற வேலை, ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவது. கையில் கிரீஸ் படுவதற்கு முகம் சுளிப்பவர்களும் உண்டு.

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர்தான். திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து விழாவுக்கு வருகிறவர்கள் பாலத்தில் ஏறாமல் கீழ் ரோட்டிலேயே வாருங்கள். மேலே போனால் ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங் தெரியாது.