பட்டாலையில் பிறந்த சீடி ரைட்டர்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இறுவட்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். இன்றைய பிள்ளைகளுக்கு சீடி என்றால் அதுதான். ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைத்தெருக்களில் ஒரு கணினியும் அதில் ஒரு சீடி ரைட்டரும் இருந்தால் அது ஒரு தொழில். கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா, பள்ளிவாசல் பயான், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாம் இறுவட்டில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எமது மலையகத்தின் ஒரு தலைமுறையின் குரலும் முகமும் அவற்றில் இருக்கின்றன.

அதனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு சீடி ரைட்டர் நல்லதா கெட்டதா என்று எப்படி மதிப்பிடுவது? அதைச் செய்தவர்கள் யார்? பழைய பொருளைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்வி எம்மைக் கடைசியில் எமது லயத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் இறுவட்டின் கதை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய இறுவட்டு 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது கேட்க மட்டும்தான், நாம் எதையும் எழுத முடியாது. எழுதக்கூடிய இறுவட்டை 1988இல் செய்து காட்டியது தையோ யூடென் என்ற ஜப்பானிய நிறுவனம். 1990இல் அதற்கான பொது விதிகள் 'ஒரேஞ்ச் புத்தகம்' என்ற பெயரில் வந்தன. ஆரம்பகால எழுதும் இயந்திரங்களைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்தது. 1995இல் ஹியூலெட்-பக்கார்ட் 1,000 டொலருக்குக் குறைந்த விலையில் ஒன்றைக் கொண்டுவந்த பிறகே அது சாதாரண மேசைகளுக்கு இறங்கியது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. தெளிந்த பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் ஒரு சாயப் படை, அதற்கும்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படை. 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள லேசர் கதிர் சாயத்தைச் சுடும். சுட்ட இடம் ஒரு விதமாகவும் சுடாத இடம் வேறு விதமாகவும் ஒளியைத் திருப்பும். அந்த வேறுபாடுதான் எழுத்து. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'எரித்தல்' என்றே பெயர். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்டில், காப்பாற்றுவதற்கும் 'எரித்தல்' என்று பெயர் வைத்த ஒரு கருவி வந்து சேர்ந்ததை என்னவென்று சொல்வது!

இனி மதிப்பீடு. மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எழுதும்போது தடை வந்தால் என்ன செய்கிறது? ஒற்றை வேகத்தில் செக்கனுக்கு 150 கிலோபைட் தகவல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முழு இறுவட்டுக்கு 74 நிமிடம். இடையில் கணினி ஒரு கணம் தடுமாறி, இயந்திரத்தின் இடைத்தேக்கம் வற்றிவிட்டால், தட்டு குப்பைக்குத்தான். 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. தகவல் நின்றால் லேசரும் நிற்கும், விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு அங்கிருந்தே தொடரும். 'பேர்ன்-புரூவ்' என்று அதற்குப் பெயர். மின்வெட்டுக்கு மட்டும் அதனிடமும் மருந்தில்லை.

இரண்டு, மோட்டார் நிதானமாகச் சுழல்கிறதா? 52 மடங்கு வேகத்தில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 தடவை சுழல்கிறது. மோட்டார் சற்று ஆடினாலும் எழுத்து கோணும்.

மூன்று, எழுதியதைத் தானே திருப்பிப் பார்த்து, 'இதில் இத்தனை பிழை இருக்கிறது' என்று உண்மையைச் சொல்கிறதா? எல்லா இறுவட்டிலும் சிறு பிழைகள் உண்டு. ரீட், சொலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணித முறையை அடிப்படையாகக் கொண்டு, வாசிக்கும் இயந்திரம் அவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். முதல் படியில் பிடிபடும் சிறு பிழைகளை சீ-1 என்பார்கள், அதைத் தாண்டிப்போகும் பிழைகளை சீ-2 என்பார்கள். புதிதாக எழுதிய தட்டில் சீ-2 ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் அந்தத் தட்டு நீண்ட நாள் நிற்குமென்று நம்ப முடியாது. ஆனால் வாங்கியவர் கையில் இந்தக் கணக்கைத் தரும் இயந்திரங்கள் மிகக் குறைவு.

இந்த மூன்றிலும் பெயர் எடுத்தது பிளெக்ஸ்டர். சான்யோவின் அந்தப் பாதுகாப்பை முதலில் கொண்டுவந்தவற்றில் அதன் 12 மடங்கு வேக ரைட்டரும் ஒன்று. 2003இல் வந்த 'பிளெக்ஸ்டர் பிரீமியம்' 52 மடங்கு வேகமும் 8 மெகாபைட் இடைத்தேக்கமும் கொண்டது. எழுதிய தட்டின் பிழைகளை எண்ணி வரைபடமாகவே காட்டும். விலை கூடத்தான். ஆனாலும் இசைப் பதிவு செய்தவர்களும் ஆவணம் சேர்த்தவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள்.

சரி, இதைச் செய்தது யார்? ஷினானோ கென்ஷி என்ற நிறுவனம். ஷினானோ என்பது ஜப்பானின் மலை மாகாணமான நாகனோவின் பழைய பெயர். கென்ஷி என்றால் பட்டு நூல். ஆம், 1918இல் பட்டு நூல் நூற்பதற்காகத் தொடங்கிய ஆலை அது! அக்காலத்தில் ஜப்பானின் முதன்மையான ஏற்றுமதி கச்சாப் பட்டு, நாகனோ அதன் நெஞ்சுப்பகுதி. எமக்குத் தேயிலை எப்படியோ, அவர்களுக்குப் பட்டு அப்படி.

அந்த மாகாணத்துப் பட்டாலைகளின் கதையை எம்மவர்கள் கேட்டால் பழகிய கதையாகத்தான் இருக்கும். ஏழைக் கமக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகள், குடும்பத்துக்கு முற்பணம் கொடுக்கப்பட்டு, 1,672 மீற்றர் உயரமான நொமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து ஆலைகளுக்குப் போனார்கள். நீண்ட நேர வேலை, நெருக்கமான விடுதி, காசநோய். எமது மக்களும் முற்பணக் கடனோடு கங்காணிகளின் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்கள்தான். இரு மலைகளிலும் உலகத்துக்காக உழைத்தவை பெரும்பாலும் பெண்களின் விரல்களே. அங்கே கூட்டிலிருந்து நூல் எடுத்தார்கள், இங்கே செடியிலிருந்து கொழுந்து எடுக்கிறார்கள்.

பிறகு இரு மலைகளுக்கும் அடி விழுந்தது. எமது மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது, இருபது வருடங்களுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். துரைமார் பயிரை மாற்றித் தப்பினார்கள். ஜப்பானியப் பட்டுக்கு 1929இன் உலகப் பொருளாதாரச் சரிவும், 1940இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நைலோன் காலுறையும் அடி கொடுத்தன.

இங்கேதான் இரு கதைகளும் பிரிகின்றன. ஷினானோ கென்ஷி 1960களில் சிறு மோட்டார் செய்யத் தொடங்கியது. அங்கிருந்து இறுவட்டு இயந்திரத்துக்கு வந்தது. வெளிநாட்டுச் சந்தையில் முதலில் டெக்செல், பிறகு பிளெக்ஸ்டர் என்று பெயர் வைத்தது. நூல் அறாமல் சீராகச் சுழல வேண்டும் என்பது பட்டாலையின் முதல் பாடம். தட்டு ஆடாமல் சீராகச் சுழல வேண்டும் என்பது ரைட்டரின் முதல் பாடம். மற்றவர்களின் பின்னணியும் இப்படித்தான். யமஹா 1887இல் ஆர்மோனியம் போன்ற காற்று வாத்தியத்தில் தொடங்கியது, பிலிப்ஸ் 1891இல் மின்குமிழில் தொடங்கியது. எல்லோரும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிப் போனார்கள். எமது மலையில் கோப்பி தேயிலையாக மாறியபோது முதலாளியின் கணக்குப் புத்தகம் மாறியது. தொழிலாளியின் பிரட்டும் லயமும் அப்படியே இருந்தன. ஒரு சீடி ரைட்டரின் பின்னணியைத் தேடும்போது எம்மை உறுத்தும் உண்மை இது.

அடுத்து, அந்த நிறுவனங்கள் இப்போது எங்கே? யமஹா 2003இல் ரைட்டர் செய்வதை விட்டது. பிளெக்ஸ்டர் பிறகு மற்றவர்கள் செய்த இயந்திரங்களுக்குத் தன் பெயரை ஒட்டியது, கடைசியில் அந்தப் பெயர் தைவானின் லைட்-ஓன் நிறுவனத்தின் பொருட்களுக்குப் போனது. தையோ யூடென் 2015உடன் இறுவட்டுத் தொழிலை முடித்துக்கொண்டது. சோனி 2025 பெப்ரவரியில் எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. ஷினானோ கென்ஷி மோட்டாரோடு இருக்கிறது, பார்வையற்றோர் நூல்களைக் கேட்பதற்கான 'பிளெக்ஸ்டோக்' கருவியையும் செய்து வந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரம் முடிந்தால் போவார்கள். நாம் எழுதி வைத்த தட்டுகள் மட்டும் எமது அலுமாரியில் இருக்கின்றன. புதிய மடிக்கணினிகளில் அவற்றைப் போடுவதற்குத் தட்டுகூட இல்லை.

பதிவு தொலைந்தால் என்ன நடக்கும் என்று மலையக மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துண்டு முறை இருந்த காலத்தில் தொழிலாளியின் பெயரில் கவனமாகப் பேணப்பட்ட கடதாசி அவருடைய கடன் துண்டு. 1921இல்தான் அது ஒழிந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 'உன் தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று எங்கே?' என்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் யாரிடம் அந்தக் கடதாசி இருக்கும்? அடுத்த வருடச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்தார்கள், சுமார் 134,000 பேருக்கே கிடைத்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு வைத்தது. கடைத்தெருவில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் இதே சட்டத்தின் முன்னால்தான் நின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைக் கேட்டு, எழுதி, அச்சில் ஏற்றினார். பாடிய பாட்டிமார் போய்விட்டார்கள், பாடல்கள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் எமது மலையகச் சஞ்சிகைகளை இன்று பொகவந்தலாவையில் இருக்கும் பிள்ளையும் வாசிக்கலாம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியவை மட்டுமே பிழைத்திருக்கின்றன.

எமது மார்க்க வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்டிருந்த பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்கள் கவலைப்பட்டு எடுத்துச் சொல்ல, அபூபக்ர் (ரழி) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒன்றுதிரட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நெஞ்சில் இருந்ததையும் மட்டையிலும் கல்லிலும் எழுதி வைத்திருந்ததையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். நெஞ்சில் இருக்கிறதுதானே என்று விட்டுவிடவில்லை, எழுத்தில் இருக்கிறதுதானே என்று சரிபார்க்காமலும் இருக்கவில்லை.

ஆகவே, சீடி ரைட்டரை மதிப்பிட நாம் சொல்லும் கடைசி அளவுகோல் இது: வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எழுதியதைச் சரிபார்க்கிறதா என்று கேளுங்கள். செய்த நிறுவனம் போன பிறகு எழுதியதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்லாது. பதில் நாம்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டிலுள்ள தட்டுகளை இந்த விடுமுறைக்குள் வெளியே எடுங்கள். எமது ஈரக் காற்றும் பூஞ்சணமும் ஒருபக்கம், வெயில் படும் யன்னல் ஒருபக்கம், இரண்டும் கெடுதி. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பெயர் எழுதும் மேல்பக்கத்தில்தான் தகவல் படை மிக அருகில் இருக்கிறது, அங்கே கீறல் விழாமல் பாருங்கள். யூஎஸ்பியில் பொருத்தும் வெளி டீவீடி இயந்திரம் ஒன்று பாடசாலையில் இருந்தாலும் ஒரு ஊருக்கே போதும். வன்தட்டில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இன்னொரு பிரதி. பிரதி எடுத்த பின் திறந்து பாருங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று பெயரிட்டு வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்நியர் படம்.

ஆசிரிய நண்பர்களே, வரலாற்றுப் பாடத்தின் செயற்பாடாகவே இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த நடையின் தொடர்ச்சியாக ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரே ஒரு குரலைக் காப்பாற்றட்டும். அடுத்த தடவை யாராவது 'சான்று எங்கே?' என்று கேட்டால், எடுத்துக் காட்ட எம்மிடம் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.