வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? பட்ஜெட் பாதியில் கையைக் கடிக்காம இருக்க இதைப் படிங்க!

"பாத்ரூம் டைல்ஸை மட்டும் மாத்திடலாம்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பழைய டைல்ஸைப் பெயர்த்தால், உள்ளே துருப்பிடித்த ஜிஐ குழாய். குழாயை மாற்றச் சுவரை உடைக்கணும். உடைத்தால் பூச்சு, பூசினால் பெயிண்ட். போட்ட கணக்கு ஒன்று, ஆன செலவு வேறொன்று!

புது வீட்டுக்குப் பிளானைப் பார்த்துக் கணக்குப் போடலாம். பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உடைத்த பிறகுதான் தெரியும். அதனால் கணக்குப் போடும் முறையும் மாறணும்.

முதல் செலவு எதற்கு?

மாடியில் ஒழுகல், சுவரில் ஓதம், கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது... இவைதான் முதல் செலவு. அடுத்தது வயரிங், பிளம்பிங். ஏசி, கீசர் இல்லாத காலத்தில் போட்ட வயரிங், இன்றைய லோடைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனிடம் பாருங்க. எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்க. அதன்பிறகு பூச்சு, டைல்ஸ். பெயிண்ட் கடைசி. ஓதத்தைச் சரிசெய்யாமல் அடிக்கும் பெயிண்ட் சீக்கிரமே உரிந்துவிடும்.

அளவு எடுப்பது எப்படி?

12-க்கு 10 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. 2-க்கு 2 அடி டைல்ஸ் 4 இருக்கும் ஒரு பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். '8 பெட்டி போதும்' என்று தோன்றும். ஆனால் சுவர் ஓரத்தில் 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு சுமார் 14 சதுர அடி, வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 147 சதுர அடி ஆகிவிடும். அதாவது 10 பெட்டி! குறைகிறதே என்று பிறகு வாங்கப் போனால், அதே பேட்ச் கிடைக்காமல் நிறம் மாறலாம்.

எவ்வளவு ஒதுக்கணும்?

கையில் ரூ.5 லட்சம் இருந்தால், ரூ.4 லட்சத்துக்கு மட்டும் வேலையைத் திட்டமிடுங்க. மீதி ரூ.1 லட்சம் சுவருக்குள் ஒளிந்திருக்கும் செலவுக்கு. அதை மாடுலர் கிச்சனுக்கு எடுத்துடாதீங்க.

மேஸ்திரியிடம் பேச வேண்டியவை

* லேபர் மட்டுமா, மெட்டீரியலும் சேர்த்தா? சிமெண்ட், குழாய், வயர், பெயிண்ட் என்ன பிராண்ட்? எல்லாம் எழுத்தில் இருக்கணும்.
* நாள் சம்பளமா, சதுர அடி ரேட்டா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்க.
* பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்க. கடைசி 10 சதவீதத்தைத் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு கொடுக்கலாம்.
* கூடுதல் வேலை வந்தால், ரேட் பேசிய பிறகே தொடங்கச் சொல்லுங்க.

கணக்கில் வராத செலவுகள்

இடித்த கழிவை அள்ளும் வண்டி வாடகை, சாமான்களை இடம் மாற்றும் கூலி, வெளியே தங்கினால் அந்த வாடகை. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் இடிக்கும் செலவு மிச்சம்தான். ஆனால் தரை உயர்ந்து, கதவின் அடியை அறுக்க வேண்டி வரலாம்.

கடன் வாங்கலாமா?

ஏற்கெனவே வீட்டுக் கடன் இருந்தால், முதலில் டாப்-அப் கடனை விசாரியுங்க. பொதுவாக தனிநபர் கடனை விட வட்டி குறைவு. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழித்துக்கொள்ளலாம். அதனால் பில்களைப் பத்திரமாக வைத்திருங்க.

எப்போது தொடங்கலாம்?

மாடி ஒழுகல் வேலையை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முடிப்பது நல்லது. பொங்கல் நெருங்கினால் பெயிண்டர் கிடைப்பதே கஷ்டம்.

பணம் இழுபறி என்றால் வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் உடைக்காதீங்க. ஒரு அறையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்க. குறிப்பாக, வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம்தான் என்றால், அதை முடிக்கத் தேவையான மொத்தப் பணமும் கைக்கு வந்த பிறகே சுத்தியலை எடுக்கச் சொல்லுங்க!