கிராம சபையை ரத்து செய்வது யார்?

ஊராட்சித் தலைவர் நினைத்தால் கிராம சபைக் கூட்டத்தை ரத்து செய்துவிட முடியுமா? 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அவருக்குத் தந்தது கூட்ட வேண்டிய பொறுப்பைத்தான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அவர் கூட்டாவிட்டால் ஆட்சியர் கூட்ட வேண்டும்.

ஆனால் 2020 அக்டோபர் 2 கூட்டத்தை நிறுத்தியது தலைவர்கள் அல்ல, மாநில அரசு! கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் போடும்படி திமுக சொல்லியிருந்த நேரம். டாஸ்மாக் கடைகள் மே மாதமே திறந்தாகிவிட்டன. மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேச முடியாதா என்ன?

வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். மாவட்டப் பிரிப்பால் 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அங்கே நடக்கவில்லை. ரத்தைத் தட்டிக் கேட்க, தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது. 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டார்கள்.