அறத்துயர்: கட்டிலருகே நின்றோரின் வரலாறு

மருத்துவமனை அறக்குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ஒரு தீர்ப்பிலிருந்தே தொடங்குவர். 1975 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேரன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண் நினைவிழந்தார். அவர் மீளமாட்டார் என உணர்ந்த பெற்றோர் செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றுமாறு வேண்டினர், மருத்துவர்கள் இணங்கவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976 மார்ச் 31 அன்று தந்தைக்குச் சார்பாக முடிந்தது. இத்தகைய முடிவுகளில் மருத்துவமனையின் அறக்குழுவைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. குழந்தை மருத்துவர் கேரன் டீல் முந்திய ஆண்டு சட்ட இதழொன்றில் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட கருத்து அது.

ஆயினும் அக்குழுவிடம் எதிர்பார்க்கப்பட்டது, நோயாளிக்கு நினைவு திரும்பும் வாய்ப்பு உண்டா என்று உறுதிசெய்வதே. பெயரில் அறம் இருந்தது. பணியோ மருத்துவக் கணிப்பு. கருவி அகற்றப்பட்ட பின் குயின்லன் தாமே மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை வாழ்ந்தார். அத்தகைய நோயாளியை ஆண்டுக்கணக்கில் புரட்டிப் படுக்கவைத்துக் குழாய்வழி உணவூட்டும் தாதியரின் மனம் என்ன ஆகும் என்னும் கேள்விக்கு அக்குழுவின் பணியில் இடமில்லை.

அக்கேள்விக்கு ஒரு பெயர் 1984இல் கிடைத்தது. தாதியருக்கு அறவியல் கற்பித்த மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன், தம் நூலில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். எது சரி என்று தெரியாத தயக்கம் ஒன்று. இரண்டு நன்மைகளுள் ஒன்றை இழந்தே தீரவேண்டிய இக்கட்டு மற்றொன்று. மூன்றாவது இவ்விரண்டினும் வேறானது: செய்யத்தக்கது இன்னதெனத் தெரிந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய இயலாத நிலையில் எழும் வேதனை. இதனை இங்கு அறத்துயர் எனலாம். வேலைக் களைப்பு ஓய்வால் தீரும். அறத்துயர் அவ்வாறு தீர்வதன்று.

இவ்விளக்கம் எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா? 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 பேரின் உயிரைக் கவர்ந்தது. டான் டோக் செங் மருத்துவமனையில் உறவினர் வருகை தடுக்கப்பட்டது. தடை சரியானது, அதை மறுப்பார் இலர். இறக்கும் ஒருவர் அருகே பிள்ளைகள் இருக்கவேண்டும் என்பதும் சரியானதே. யாரையும் குற்றம் சொல்லமுடியாத இடத்திலும் அறத்துயர் எழக்கூடும் என்பதை ஜேம்டனின் முதல் விளக்கம் முழுதும் பிடிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை 2006இல் இத்துயருக்கெனவே ஓர் ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. வழக்கமான அறக்குழு, இந்நோயாளிக்கு எது தகும் என்று கேட்கும். இச்சேவையோ, குழுவினரைத் தடுப்பது எது என்று கேட்கிறது. தாதியரும் மருத்துவரும் பிற பணியாளரும் ஒன்றாக அமர, தடை எங்கிருந்து வருகிறது எனத் தேடுகின்றனர்: நோயாளி, குடும்பம் சார்ந்ததா, குழுவுக்குள் உள்ளதா, நிறுவனத்தின் நடைமுறையில் உள்ளதா? அச்சேவையில் ஈடுபட்ட ஆன் ஹாம்ரிக்கும் எலிசபெத் எப்ஸ்டீனும் 2009இல் மற்றொன்றையும் விளக்கினர். ஒரு நோயாளியின் நிகழ்வு முடிந்தாலும் துயர் முழுதும் வடிவதில்லை. ஒரு பகுதி எஞ்சி, அடுத்த நிகழ்வின் துயர் அதன்மேல் ஏறுகிறது. அவ்வெஞ்சுவதற்கு எச்சம் என்னும் நம் சொல் நன்கு பொருந்தும். முற்றுப்பெறாத வினையையும் இலக்கணம் அவ்வாறே அழைக்கிறதன்றோ!

இத்தகைய சேவை, ஊழியரைத் தேற்றி மீண்டும் அதே வேலைக்கு அனுப்பும் கருவியாகிவிடும் என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. படுக்கையருகே சொல்லப்படும் தடை, மருத்துவமனையின் விதிகளை எழுதுவோர் மேசைக்குச் சென்று சேர்கிறதா என்பதைக் கொண்டே அச்சேவையை அளக்கவேண்டும்.